கடைவரம்புக்குத் தண்ணீர் விட்டேன்: ராச்டேல் கால்வாயில் நாலு நாள்

கடந்த ஜூன் மாதம் இங்கிலாந்து தேசத்தின் நீர்நிலைகளை நேரில் ஆய்வு செய்யப் புறப்பட்டேன். அந்த நாட்டு அரசாங்கம் என்னை அழைக்கவில்லை. அது அவர்கள் பக்கத்துக் குறை. மான்செஸ்டரில் நர்ஸாக இருக்கும் மகள் பெனிட்டாதான் டிக்கெட் எடுத்து அழைத்தாள். நான் முப்பத்தொரு வருடம் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை ஆட்சி செய்தவன். உத்தியோகப் பெயர் லஸ்கர். கால்வாயில் ஷட்டரை ஏற்றி இறக்கி, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்க்கிற வேலை. கலெக்டருக்கு அடுத்த பதவி என்று சொல்லிக்கொள்வேன். எந்தக் கலெக்டரும் இதுவரை மறுத்ததில்லை. அவர்கள் காதுபட நான் சொன்னதும் இல்லை.

ஆனால் பயணத்துக்கு உண்மையான காரணம் என் மனைவி எஸ்தர். இரணியல் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சபையின் பெண்கள் சங்கச் செயலாளர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் காலத்தில் ஓடு போடப் பணம் அனுப்பியது டாட்மார்டன் என்ற மில் ஊரில் உள்ள ஒரு சிறு ஆலயம். அங்கே ஆள் குறைந்துபோய், ஆலயத்தை மூடப்போவதாக எங்கள் போதகருக்குக் கடிதம் வந்தது. கடைசி ஆராதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. அந்த ஓட்டுக்குக் கீழே ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் எஸ்தர். பெண்கள் சங்கத்தின் சார்பில் ஒரு நன்றிக் கடிதத்தை அங்கே நின்று ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும் என்று சபையார் அவள் தலையில் வைத்துவிட்டார்கள்.

எஸ்தர் நாலு பேர் முன்னால் ஆங்கிலம் பேசியவள் அல்ல. மூன்று மாதம் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பழகினாள். நான் எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுவாள்.

"அங்க வந்து கேட்டா மதி. முன் பெஞ்சுல இருக்கணும், கேட்டியளா? ஒங்க மூஞ்சியப் பாத்துதான் வாசிப்பேன். இல்லேன்னா எனக்கு காலு ஆடும்."

"உலகத்திலேயே பெரிய முன் பெஞ்சா பாத்து இருப்பேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

இனி பயண விவரம். தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு டாக்ஸி 2,300 ரூபாய், ஒன்றேமுக்கால் மணி நேரம். களியக்காவிளையில் நெரிசல் இருந்தால் இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவில் ஒரு மாற்றம், அங்கே நாலு மணி நேரக் காத்திருப்பு, பிறகு நேராக மான்செஸ்டர். பெட்டியில் நாங்கள் கொண்டுபோன ஏத்தங்காய் சிப்ஸை நேர்கோட்டில் அடுக்கினால் லண்டன் வரை எட்டும்.

மான்செஸ்டரில் ஐந்து நாள் இருந்தோம். நகரத்தின் நடுவிலேயே கால்வாய்கள் ஓடுகின்றன. ஒரு காலத்தில் பஞ்சு மூட்டையும் நிலக்கரியும் போன வழி. இன்று கரையில் காபிக் கடை, பழைய கிடங்குகளில் வீடுகள். காசில்ஃபீல்ட் என்ற இடத்தில் கால்வாய்கள் கூடுகிற துறையும், தலைக்கு மேலே அடுக்கடுக்காக ரயில் பாலங்களும் உண்டு. நடந்து பார்க்க இரண்டு மணி நேரம் போதும், செலவு ஒன்றுமில்லை. அங்கேதான் ஒரு நீளமான, ஒல்லியான படகைப் பார்த்தேன். உள்ளே அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் இருந்தது. வாடகைக்குக் கிடைக்கும் என்றான் மருமகன் அஜின். அவ்வளவுதான். டாட்மார்டனுக்கு ரயிலில் அரை மணி நேரத்தில் போகலாம் என்று மகள் படித்துப் படித்துச் சொன்னாள். தண்ணீரை ஆண்டவன் தண்ணீரில்தான் போவான் என்று நான் அறிவித்தேன்.

"மாமா, அதுக்கு மூணு நாளாவும்" என்றான் அஜின்.

"மக்கா, அவசரப்பட்டு எந்த ராஜா எங்க போயிருக்கான்?"

எஸ்தர் ஒன்றுதான் கேட்டாள். "ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு அங்க எத்துமா?"

"எத்தும்" என்றேன்.

பெனிட்டாவுக்கு டியூட்டி. நாங்கள் மூன்று பேரும் வெள்ளிக்கிழமை மான்செஸ்டர் விக்டோரியா ஸ்டேஷனில் ரயில் ஏறி சவர்பி பிரிட்ஜில் இறங்கினோம். ஐம்பது நிமிடம். ஆளுக்கு 14 பவுண்டு சொச்சம். ஊர் முழுக்கக் கறுத்த கல் கட்டடம். மில் புகைபோக்கிகள் சில இன்னும் நிற்கின்றன, புகைதான் இல்லை. படகுத்துறையில் பழைய கல் கிடங்குகளுக்கு நடுவே எங்கள் படகு கிடந்தது. ஐம்பது அடி நீளம், ஏழடிக்கும் குறைந்த அகலம். வெள்ளி மதியம் முதல் செவ்வாய் காலை வரை வாடகை 940 பவுண்டு, டீசல் தனி. லைசென்ஸ் எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார்கள்.

பாடத்தில் முக்கியமானது லாக். மலைப்பாங்கான ஊரில் கால்வாய் படிப்படியாக ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் இரு பக்கமும் கதவு வைத்த ஒரு கல் தொட்டி. கீழ்க்கதவு வழியாகப் படகை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, மேல் ஷட்டரை இரும்புக் கைப்பிடியால் சுற்றித் திறந்தால் தொட்டி நிரம்பும். படகு உயரும். மேல்கதவைத் திறந்து வெளியே போகலாம். போகும்போது எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டுப் போக வேண்டும் என்று அந்த ஆள் மூன்று முறை சொன்னார். உள்ளூர்ப் போக்கிரிகள் ஷட்டரைத் திறந்துவிட்டுத் தண்ணீரை வீணாக்காமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பூட்டு இருந்தது. அதன் சாவியை, என் முகத்தில் இருந்த அனுபவத்தைப் பார்த்து, என் கையில் கொடுத்தார்.

புறப்பட்டதுமே இரண்டு லாக், ஒரு சிறு சுரங்கம், அடுத்தது ட்யூயல் லேன் லாக். இங்கிலாந்திலேயே மிக ஆழமானவற்றில் ஒன்று, இருபதடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நான் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தபோது இருநூறடி இருந்தது. இதை மட்டும் காவலாளிதான் இயக்குகிறார். முதல் நாளே போன் செய்து நேரம் வாங்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். அன்று மாலை லடென்டன் ஃபுட் என்ற இடத்தில் கரையில் கட்டிப்போட்டுத் தூங்கினோம். கரையில் கட்ட காசு இல்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். படகின் வேக வரம்பு மணிக்கு நாலு மைல். ஒரு வாத்து எங்களை முந்திப் போய், நின்று, திரும்பிப் பார்த்து, பரிதாபப்பட்டது. மதியம் ஹெப்டன் பிரிட்ஜ். சரிவில் இடமில்லாமல் வீட்டின் மேல் வீடு கட்டியிருக்கிறார்கள். கீழ்வீட்டுக்காரர் ஒரு தெருவில் நுழைவார், மேல்வீட்டுக்காரர் மலைப்பக்கத்து வேறொரு தெருவில் நுழைவார். இரண்டு வீட்டுக்காரரும் ஆயுள் முழுக்கச் சந்திக்காமலே வாழ்ந்துவிடலாம். நாஞ்சில் நாட்டில் இந்த ஏற்பாடு இருந்திருந்தால் பாதி சிவில் கேஸ் இருந்திருக்காது. மீனும் உருளைக்கிழங்கும் மூன்று பேருக்கு 36 பவுண்டு. உப்பும் மிளகும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். எஸ்தர் கைப்பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்தாள்.

அங்கிருந்து மேலே லாக்குகள் நெருங்கி வருகின்றன. மாலை ஆறரைக்கு, காலிஸ் என்கிற பதின்மூன்றாம் எண் லாக்கை ஏறிக் கடந்து, அதற்கு மேலே கட்டிப்போட்டோம். டாட்மார்டன் இன்னும் ஐந்து கிலோமீட்டர், ஆறு லாக். காலை ஏழுக்குக் கிளம்பினால் பத்தரைக்கு ஆலய வாசல். எஸ்தர் பட்டுச் சேலையைத் தேய்க்க வழி தேடிக்கொண்டிருந்தாள். அஜின் கட்டிலில் விழுந்துவிட்டான். ஜூன் மாதத்தில் அங்கே ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் உண்டு. நான் ஒரு நடை போனேன்.

லாக்குக்குக் கீழே பார்த்தேன். அந்தப் பக்கக் கால்வாயில் தண்ணீர் ஒன்றரை அடி இறங்கிக் கிடந்தது. கரையோரம் சேறு தெரிந்தது. ஒரு பச்சைப் படகு ஒருக்களித்து நின்றது, கூரையில் செடித்தொட்டிகள், ஓரத்தில் ஒரு சைக்கிள். ஆள் குடியிருக்கிற படகு. மேலே எங்கள் பக்கம் தண்ணீர் தளும்பி நிற்கிறது, கீழே இருக்கிறவனுக்கு இல்லை.

இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் கால்வாயின் கடைசி வயல்களைக் கடைவரம்பு என்போம். கன்னிப்பூ என்கிற முதல் போக நடவு சமயத்தில் மேலே இருக்கிறவன் தண்ணீரைக் கட்டிவைத்துக்கொண்டால், அஞ்சுகிராமம் பக்கத்திலிருந்து ஆட்கள் சைக்கிளில் வந்து என் வீட்டு வாசலில் நிற்பார்கள். மாலையில் ஷட்டரை ஏற்றிவிட்டால் ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஓடிப் போய்ச் சேரும். காலை ஆறு மணிக்கு இறக்கினால் கணக்குச் சரி. முப்பத்தொரு வருடம் செய்த வேலை.

சாவியை எடுத்தேன். மேல் ஷட்டரின் பூட்டைத் திறந்து முழுக்க ஏற்றினேன். கீழ் ஷட்டரைப் பாதி ஏற்றினேன். அருமையான சத்தத்தோடு தண்ணீர் கீழே போனது. கைப்பிடியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு பெரிய அநியாயத்தைத் தீர்த்துவைத்த திருப்தியோடு போய்ப் படுத்தேன். எஸ்தரிடம் சொல்லவில்லை. செய்த தர்மத்தைச் சொல்லிக்காட்டக் கூடாது.

காலை ஐந்தரைக்கு அஜின் குரல் கேட்டது.

"மாமா, எழும்புங்க. நான் கட்டிலிலயிருந்து உருண்டு செவத்துல கெடக்கேன்."

எழுந்தேன். எழுந்த இடம் தரை அல்ல, அலமாரியின் கதவு. படகு அப்படிச் சாய்ந்திருந்தது. அடுக்களையில் பாத்திரங்கள் எல்லாம் ஒரு மூலையில் கூட்டம் போட்டிருந்தன. வெளியே வந்து பார்த்தால் கால்வாயைக் காணோம். நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர், மீதி சேறு. அதில் ஒரு சைக்கிள், இரண்டு டயர், ஒரு சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி.

எஸ்தர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "தண்ணி எங்க போச்சு?"

"கடைவரம்புக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முப்பத்துநாலு வருடத் திருமண வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த பார்வைகளில் அது இல்லை.

நான் ஓடிப்போய் இரண்டு ஷட்டரையும் இறக்கினேன். கீழே பச்சைப் படகுக்காரர் கரையில் நின்றிருந்தார். பெயர் டெரக். எழுபது வயது இருக்கும், ரப்பர் பூட்ஸ், கையில் தேநீர்க் கோப்பை. அவர் பேசியது யார்க்ஷயர் ஆங்கிலம். எனக்குப் பிடிபடவில்லை, அஜின்தான் நடுவில் நின்றான்.

"மாமா, அவரு கேக்காரு, எந்த மூதி ரெண்டு பக்கமும் தொறந்து போட்டதுன்னு."

"மூதின்னா சொன்னாரு?"

"நான் மரியாதையா மாத்திச் சொல்லுகேன்."

"லேய், அவருக்க படகு சரிஞ்சு கெடந்துச்சுல்லா? கீழ தண்ணி சேராம இருந்துச்சு, அதுக்குத்தான் விட்டேன்னு சொல்லு."

அஜின் சொன்னான். டெரக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு நீளமாகப் பேசினார்.

"மாமா, இங்க தண்ணி ஓடப்பிடாதாம். நிக்கணுமாம். ஒவ்வொரு லாக்குக்கும் நடுவுல ஒரு கொளம் மாதிரியாம். நீங்க ஒரு கொளத்தத் தொறந்து அடுத்த கொளத்துல விட்டாச்சாம். அது நெறஞ்சு வழிஞ்சு ஆத்துக்குப் போயாச்சாம். வயலு எங்க இருக்குன்னு கேக்காரு."

வயல் எங்கும் இல்லை. யோசித்துப் பார்த்தால் இரண்டு நாளாக ஒரு வயலையும் நான் பார்க்கவில்லை.

டெரக் இன்னொன்றும் சொன்னார், அதை அஜின் சிரித்துக்கொண்டே தமிழில் மாற்றினான். அவர் பக்கத்தில் ஏதோ கசிவு, மூன்று வாரமாகத் தண்ணீர் குறைவு, சாய்ந்த கட்டிலில்தான் படுக்கை. நேற்று ராத்திரிதான் தலையணை தலைக்குக் கீழேயே நின்றதாம். அதற்காக ஒரு நன்றி. மற்றதற்கு அவர் சொன்னதை அஜின் மாற்றவே இல்லை.

பரிகாரம் என்னவென்றால், மேலே இருக்கிற பதினாலாம் லாக்கின் ஷட்டர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, அங்கே உள்ள தண்ணீரை எங்கள் பக்கம் இறக்க வேண்டும். அங்கேயும் குறைந்துவிடாமல் இருக்க அதற்கும் மேலே இருந்து இறக்க வேண்டும். நாலு மணி நேரமாவது ஆகும். படகு நிமிரும்போது கரைக்கல்லில் விளிம்பு சிக்கினால் உள்ளே தண்ணீர் ஏறி மூழ்கிவிடும். ஆகவே ஒருவர் ஷட்டரில் நிற்க வேண்டும், ஒருவர் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மணி ஆறேகால். நாலு மணி நேரம் சேர்த்தால் பத்தேகால். அதற்கு மேல் ஆறு லாக். பதினொரு மணிக்குப் படகு எத்தாது.

"டாக்ஸி பாக்கட்டா அத்தே?" என்றான் அஜின். போனில் தேடினான், ஞாயிறு காலை அந்தப் பள்ளத்தாக்கில் ஒன்றும் கிட்டவில்லை. பஸ்ஸை நம்பவும் பயம்.

"எதுக்கு? ரோடு நேரா இருக்குல்லா" என்று எஸ்தர் கரையோர நடைபாதையைக் காட்டினாள். "அஞ்சு கிலோமீட்டர்தானே. நடப்பேன்."

"நானும் வாறேன்" என்றேன்.

அஜின் டெரக்கைப் பார்த்தான். டெரக் கைப்பிடியைப் பார்த்தார். அஜினுக்கு ஷட்டர் பிடித்துப் பழக்கமில்லை, தவிர ஆலயத்துக்கு வழி அவன் போனில்தான் இருந்தது. யார் நிற்க வேண்டும் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

எஸ்தர் சாய்ந்த படகுக்குள் சாய்ந்தபடியே பட்டுச் சேலை கட்டினாள். காலில் வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. கடிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு பைபிளுக்குள் வைத்தாள். கரையில் இறங்கி நின்று, என்னைப் பார்க்காமல், என் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னாள்.

"முன் பெஞ்சுல இருப்பேன்னு சொன்னியளே."

"ஏட்டி, நான்…"

"இருக்கட்டும். படகு முங்கிப்போனா அதுக்கும் நாமதான் பதில் சொல்லணும். வெப்ராளப்பட்டு வெயில்ல நிக்காம, தொப்பியப் போடுங்க."

எட்டேமுக்காலுக்கு இருவரும் புறப்பட்டுப் போனார்கள். வளைவில் திரும்பும்வரை அந்த மஞ்சள் சேலை தெரிந்தது.

ஆறரைக்கே தொடங்கிய வேலையை நானும் டெரக்கும் தொடர்ந்தோம். சொல்லக் கூடாதுதான், ஆனாலும் நல்ல வேலை. கால் சுற்று, ஐந்து நிமிடம், இன்னொரு கால் சுற்று. அவர் விரலைக் காட்டினால் நான் நிறுத்துவேன். நான் கையைக் காட்டினால் அவர் கயிற்றைத் தளர்த்துவார். ஒரே துறையில் இருபது வருடம் சேர்ந்து இருந்ததுபோல ஓடியது. பத்து இருபதுக்குப் படகு ஒரு பெருமூச்சு விட்டு நிமிர்ந்தது. பதினொரு மணி ஆனபோது நாங்கள் பதினாலாம் லாக்கின் உள்ளே தண்ணீர் நிரம்பக் காத்துக்கொண்டிருந்தோம். நான் தொப்பியைக் கழற்றினேன். டெரக் காரணம் கேட்கவில்லை, அவரும் கழற்றினார்.

டெரக் கூடவே வந்தார். தனி ஆளாக என்னை விட்டால் அடுத்த மாவட்டமும் வற்றிவிடும் என்று நினைத்திருப்பார். ஒரு மணி சுமாருக்கு லாப் மில் என்ற பதினாறாம் லாக்கில் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தபோது எதிரே நடைபாதையில் மஞ்சள் சேலை வந்தது. பின்னால் அஜின். அவனுக்குப் பின்னால் ஆறு வெள்ளைக்காரர்கள், எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில். ஒரு அம்மையார் கையில் துணி மூடிய தட்டு.

"இவங்க ஆரு?" என்றேன்.

"ஆலயத்துக்காரங்க" என்றாள் எஸ்தர். "பூட்டிச் சாவியக் குடுத்தாச்சு. அதுக்குப் பொறவு ஆருக்கும் வீட்டுக்குப் போவ மனசில்ல. ஒங்க கதையச் சொன்னேன். பாக்கணும்னு வந்துட்டாங்க."

"என்ன கதை சொன்ன?"

"உள்ளதத்தான்."

அந்த ஆறு பேரும் லாக் கதவின் நீண்ட மரத்தண்டில் முதுகைக் கொடுத்துத் தள்ளினார்கள். தட்டில் இருந்தது வெள்ளரிக்காய் சான்ட்விச். டெரக் நாலு சாப்பிட்டார். அங்கிருந்து டாட்மார்டன் வரை ஒரு கதவையும் எங்களைத் தொட விடவில்லை. பத்தொன்பதாம் லாக்கில் மேலிருந்து கீழே இறங்குகிற பலகைக் கதவு ஒன்று உண்டு, ஊர் நடுவில், பார்க்க வேண்டியது. அங்கே கட்டிப்போட்டபோது மணி மூன்றரை. அவர்கள் ஒவ்வொருவரும் எஸ்தரின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கையசைத்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம், ஆனாலும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் வேண்டும். நாள் ஒன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் படகு ஓட்டத் திட்டமிடாதீர்கள். ஒரு லாக்குக்கு இருபது நிமிடம் வையுங்கள், குறைந்தது மூன்று பேர் போங்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு ஓரிடத்தில் இருக்க வேண்டுமென்றால் ரயிலில் போங்கள், அரை மணி நேரம்தான். லாக்கை விட்டுக் கிளம்புமுன் நாலு ஷட்டரும் இறங்கியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் குறைவாகத் தெரிந்தால் நீங்களாக எதுவும் செய்யாமல், கால்வாய் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். எண் பாலங்களில் எழுதியிருக்கும். அரிசி, மீன் மசாலா எல்லாம் சவர்பி பிரிட்ஜ் கடைகளில் கிடைக்கும், தேங்காய் மட்டும் மான்செஸ்டரில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு, படகு, டீசல், ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்களுக்கு 1,260 பவுண்டு ஆனது.

ஆலயத்தைப் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். வெளியே பார்த்தேன், கறுத்த கல், நீலக் கதவு, பூட்டு. உள்ளே நடந்தது எஸ்தர் சொல்லித்தான் தெரியும். முன் பெஞ்சு காலியாக இருந்ததாம். இரண்டாவது பெஞ்சில் இருந்த அந்தத் தட்டு அம்மையாரைப் பார்த்து வாசித்தாளாம். கால் ஆடியதாம், குரல் ஆடவில்லையாம். கடிதத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டாள். இன்னொரு முறை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன்.

"வாசிச்சாச்சுல்லா" என்றாள்.

எத்தனை பேர் கேட்டார்கள் என்று கேட்டேன். பதினேழு என்றாள். நான் அங்கே இருந்திருந்தால் உங்களுக்கு ஆயிரத்து எழுநூறு என்று எழுதியிருப்பேன். நான் இல்லை. பதினேழு பேர்தான்.